ஸ்ட்ரெச்சரில் வந்த வாக்கும் எழுத மறந்த தொகுதிப் பெயரும்

கேள்வி இதுதான்: "தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் சமூக மன்றத்தில் சிங்கப்பூர் அரசியல் வரலாற்றை வைத்து ஒரு வினாடி வினா நடத்தப்போகிறோம். 'முதல் பிரதமர் யார்' என்கிற ரகம் வேண்டாம். மூத்தவர்களே 'அட, இது தெரியாதே' என்று சொல்ல வேண்டும். அதே நேரம், நடுவில் யாராவது எழுந்து 'இது தப்பு' என்று சொல்லிவிடவும் கூடாது. எதையெல்லாம் வைக்கலாம்?"

இரண்டாவது நிபந்தனைதான் கடினம். துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாய்க்கு வாய் போகும்போது எண் நழுவும், ஆண்டு நழுவும், 'ஒருவர் சொன்னார்' என்பது 'நடந்தது' ஆகிவிடும். அதனால் கதையோடு, கேள்வியை எப்படி அமைத்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் கதையிலிருந்து தொடங்கலாம். 1961 ஜூலை 15 அன்று ஆன்சன் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சி தோற்றது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 20 அன்று, அரசாங்கமே சட்டமன்றத்தில் தன் மீது நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தது. விவாதம் இரவெல்லாம் நீண்டு, 21ஆம் தேதி விடிவதற்குள் வாக்கெடுப்பு நடந்தது. மொத்த உறுப்பினர் 51 பேர். ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 16. ஒதுங்கியவர்களில் 13 பேர் ஆளுங்கட்சிக்காரர்களே. அடுத்த சில வாரங்களில் பாரிசான் சோசலிஸ் கட்சி அவர்களைச் சுற்றித்தான் உருவானது. அந்த இரவு சிக்லாப் தொகுதி உறுப்பினர் சாஹோரா அகமது மருத்துவமனையில் படுத்திருந்தார். அவரை ஆம்புலன்சில் ஏற்றி, ஸ்ட்ரெச்சரோடு சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்து வாக்களிக்க வைத்தார்கள்.

இங்கேதான் வழக்கமான சறுக்கல். 'அந்த ஒரு வாக்கு இல்லாவிட்டால் ஆட்சி கவிழ்ந்திருக்கும்' என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வராமலே இருந்திருந்தாலும் தீர்மானம் 26க்கு 8 என்று நிறைவேறியிருக்கும். பிறகு எதற்கு அந்த ஆம்புலன்ஸ்? 51இல் பாதியைத் தாண்டிய எண் 26. கட்சிக்குச் சொந்தமாகவே அந்த 26 பேர் இருக்கிறார்கள் என்று காட்ட அவர் தேவைப்பட்டார். எத்தனை பேர் எந்தப் பக்கம் போவார்கள் என்று அந்த இரவில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: '1961 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஸ்ட்ரெச்சரில் வந்து வாக்களித்த உறுப்பினர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவர்?' விடை சிக்லாப், அவ்வளவுதான். 'ஆட்சியைக் காப்பாற்றியவர் யார்' என்று கேட்டால் சண்டை வரும்.

அந்த ஆன்சன் தொகுதியை மட்டும் வைத்தே ஒரு சுற்று நடத்தலாம். இன்று தஞ்சோங் பகார் பக்கம் ஒரு சாலைப் பெயராகத்தான் அது மிஞ்சியிருக்கிறது. 1961இல் அங்கே வென்றவர் டேவிட் மார்ஷல், 546 வாக்கு வித்தியாசத்தில். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்தவர், பாட்டாளிக் கட்சியை 1957இல் தொடங்கியவர். இரண்டே ஆண்டில், 1963 பொதுத்தேர்தலில், அதே ஆன்சனில் சுயேச்சையாக நின்று வைப்புத்தொகையையே இழந்தார். அதன்பின் தொகுதி பெ. கோவிந்தசாமியிடம் இருந்தது. 1979 இடைத்தேர்தலில் தேவன் நாயர் வந்தார். அவர் 1981 அக்டோபரில் அதிபரானதும் இடம் காலியாக, அக்டோபர் 31 அன்று மறுபடியும் இடைத்தேர்தல். பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சிங்கப்பூர் சுதந்திரம் அடைந்தபின் நடந்த தேர்தல் ஒன்றில் எதிர்க்கட்சி பெற்ற முதல் வெற்றி அது.

இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே தொகுதி, ஒரே கட்சி, இரண்டு தடவையும் இடைத்தேர்தல், இரண்டு தடவையும் வென்றவர் வழக்கறிஞர், இரண்டு தடவையும் ஆளுங்கட்சிக்கு அதிர்ச்சி. கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் 'இதெல்லாம் நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1986இல் ஜெயரத்னம் நீதிமன்ற அபராதத்தால் பதவி இழந்தார். அந்நாளில் 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டால் பதவி போய்விடும். அவருக்கு விதிக்கப்பட்டது 5,000. இப்போது அந்த வரம்பு 10,000 வெள்ளி. அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1988 எல்லைச் சீரமைப்பில் தொகுதியின் பெயரே வரைபடத்திலிருந்து போனது.

தேவன் நாயரை அப்படியே கடந்து போக வேண்டாம். 1955இல் மக்கள் செயல் கட்சி முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது ஃபேரர் பார்க்கில் அவரை நிறுத்தியது, தோற்றார். 1964இல் அதே கட்சி மலேசியப் பொதுத்தேர்தலில் இறங்கியபோது கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் நின்று 808 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் கட்சி சார்பில் வென்றவர் அவர் ஒருவரே. 1965இல் பிரிவினை வந்தபோது அவர் மலேசியாவிலேயே தங்கி, அங்கே ஜனநாயகச் செயல் கட்சி உருவாக முன்னின்று, மலேசிய நாடாளுமன்ற உறுப்பினராகவே தொடர்ந்தார். பிறகு சிங்கப்பூர் திரும்பித் தொழிற்சங்கம், ஆன்சன், அதிபர் பதவி. ஆக, 'முன்பு இன்னொரு நாட்டின் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த சிங்கப்பூர் அதிபர் யார்?' என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு.

'முதல் தமிழ் அதிபர்' என்று மட்டும் அவரைக் குறிப்பிட்டுவிடாதீர்கள். நம்மவர் மேடைகளில் அடிக்கடி நடக்கும் பிழை இது. அவர் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் இந்திய வம்சாவளி அதிபர் தேவன் நாயர். முதல் தமிழ் அதிபர் எஸ்.ஆர். நாதன். நாதன் 1999, 2005 என இரண்டு முறையும் போட்டியின்றித் தேர்வானவர். பன்னிரண்டு ஆண்டு அதிபராக இருந்தும் வாக்குச்சீட்டில் ஒருமுறைகூட அவர் பெயர் அச்சாகவில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங் (1993). வாக்களிப்பு நடந்து வென்ற முதல் தமிழ் அதிபர் தர்மன் சண்முகரத்னம் (2023, 70 விழுக்காட்டுக்குச் சற்று மேல்). 'முதல்' என்ற சொல்லை எழுதிய கையோடு, எதில் முதல் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இதே வகைப் பொறி மேயர் கேள்வியிலும் இருக்கிறது. 'சிங்கப்பூரின் ஒரே மேயர்' என்று ஓங் எங் குவானைச் சொன்னால், இன்றைய சமூக மேம்பாட்டு மன்றங்களின் மேயர்களை யாராவது எடுத்து நீட்டுவார்கள். 'தேர்தல் வழி அமைந்த நகர மன்றத்தின் ஒரே மேயர்' என்று சொல்லுங்கள். 1957 டிசம்பர் நகர மன்றத் தேர்தலில் 32 இடங்களில் 13ஐ மட்டும் பிடித்த கட்சியிலிருந்து அவர் மேயரானார். பதவியேற்ற முதல் கூட்டத்திலேயே மேயருக்குரிய அங்கியும் வேண்டாம், தங்கச் செங்கோலும் வேண்டாம் என்றார். நகர மண்டபத்துக்குள் பொதுமக்கள் திமுதிமுவென்று நுழைந்த நாள் அது. 1959இல் நகர மன்றமே கலைக்கப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒன்றை நாம் இன்றும் பாடுகிறோம்: சுபிர் சைட் இசையமைத்த 'மஜுலா சிங்கப்பூரா' முதலில் தேசிய கீதமாக எழுதப்பட்டதே இல்லை. 1958இல் புதுப்பித்துத் திறந்த விக்டோரியா அரங்க நிகழ்ச்சிக்காக நகர மன்றம் கேட்டு வாங்கிய பாட்டு அது. மறு ஆண்டு டிசம்பர் 3 அன்று, கொடியோடும் சின்னத்தோடும் சேர்ந்து நாட்டுக்குரியதாயிற்று.

ஓங் எங் குவான் பெயர் வந்துவிட்டால் பார்வையாளர்களில் ஒருவர் நிச்சயம் இன்னொரு கதையைக் கிளப்புவார். 1959 வெற்றிக்குப் பின் பிரதமர் யார் என்று கட்சி மத்திய செயற்குழு வாக்கெடுத்தது, லீ குவான் இயூவுக்கும் ஓங் எங் குவானுக்கும் சம வாக்கு விழுந்தது, தலைவர் டோ சின் சாயின் தீர்ப்பு வாக்குதான் லீயைப் பிரதமராக்கியது என்ற கதை. டோ சின் சாய் அப்படித்தான் சொன்னார். கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஓங் பாங் பூனும் சொன்னார். லீயோ அப்படியொரு வாக்கெடுப்பு நடந்ததாக ஏற்றுக்கொள்ளவில்லை. இதை வினாவாக வைக்கவே கூடாது. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, இரு தரப்பையும் சொல்லிக் கதையாகச் சொன்னால் அவை நன்றாகவே ரசிக்கும்.

லீ சியூ சோவுக்கு ஒரு தனி இடம் ஒதுக்கலாம். 1959இல் மக்கள் செயல் கட்சி சார்பில் குவீன்ஸ்டவுனில் வென்றவர். 1961இல் பிரிந்து பாரிசான் சோசலிசின் தலைவரானார். அந்த ஆண்டு இறுதியில் மலாயாவோடு இணைவது பற்றிய விவாதத்தில் ஏழரை மணி நேரம் பேசினார். நம் ஊர் ஏழரையை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. நேரம் அப்படியே அமைந்துவிட்டது. 1963இல் ரோச்சோரில் டோ சின் சாயிடம் தோற்றார், 89 வாக்கில். மறுபடி அவர் அவைக்குள் காலடி வைத்தது 1988க்குப் பிறகு. அதுவும் வென்று அல்ல, யூனோஸ் குழுத்தொகுதியில் (ஓர் அணியாகவே நின்று வெல்ல வேண்டிய தொகுதி) பாட்டாளிக் கட்சி அணியில் நின்று மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றதால். தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் முன்னணியில் இருப்பவருக்குத் தரப்படும் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை ஏற்ற முதல் மனிதர் அவர். 89 வாக்கில் தோற்று வெளியே போனவர், 25 ஆண்டு கழித்துத் தோற்றதாலேயே உள்ளே வந்தார்.

'ஏற்ற முதல் மனிதர்' என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பதவி 1984லேயே வந்துவிட்டது. அப்போதைய விதிப்படி எதிர்க்கட்சியினர் குறைந்தது மூவராவது அவையில் இருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜெயரத்னமும் சியாம் சீ டோங்கும் வென்றதால் மீதி ஒரே ஓர் இடம். தோற்றவர்களில் அதிக விழுக்காடு பெற்றவர் ஜாலான் காயுவில் நின்ற பாட்டாளிக் கட்சியின் எம்.பி.டி. நாயர். பதவி அவரைத் தேடி வந்தது, வேண்டாம் என்றார். அடுத்து வேறொரு கட்சிக்காரரிடம் போனது, அவரும் மறுத்தார். நாற்காலி நான்கு ஆண்டு காலியாகவே கிடந்தது. 2025இல் அதே பெயருள்ள ஜாலான் காயு தனித்தொகுதியில் மயிரிழையில் தோற்ற பாட்டாளிக் கட்சி வேட்பாளர் அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார். எல்லைகள் ஒன்றல்ல, பெயர்தான் ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் எல்லை பற்றித் தெரிந்த ஒருவர் பிடித்துக்கொள்வார்.

இனி வேட்புமனு. இந்தச் சுற்று எப்போதும் கலகலப்பாகப் போகும், ஏனென்றால் படிவம் நிரப்பித் திணறாதவர் யாருமில்லை. நடைமுறையை ஒருமுறை சொல்லிவிட்டுக் கேள்வி கேளுங்கள். வேட்புமனு நாளன்று மனு கொடுக்க ஒரே ஒரு மணி நேரம்: காலை 11 முதல் நண்பகல் 12 வரை. மனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர், அதோடு குறைந்தது நான்கு ஆதரவாளர்கள் கையெழுத்திட வேண்டும். அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வைப்புத்தொகை (2025இல் ஒருவருக்கு 13,500 வெள்ளி), அரசியல் நன்கொடைச் சான்றிதழ், குழுத்தொகுதி என்றால் அணியில் சிறுபான்மை இனத்தவர் இருப்பதற்கான சான்றிதழ். இதில் ஒன்று பிசகினாலும் ஐந்து ஆண்டு உழைப்பு அங்கேயே முடிந்தது.

பிசகியும் இருக்கிறது. 2001இல் அல்ஜுனிட் குழுத்தொகுதிக்குப் பாட்டாளிக் கட்சி அணி மனு கொடுத்தது. பெயர்கள், கையெழுத்துகள் எல்லாம் இருந்தன. எந்தத் தொகுதி என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் 'அல்ஜுனிட்' என்ற சொல் இல்லை. மனு தள்ளுபடி, ஆளுங்கட்சி அணிக்குப் போட்டியின்றி வெற்றி. பத்து ஆண்டு கழித்து, 2011இல், குழுத்தொகுதி ஒன்றை எதிர்க்கட்சி முதன்முறையாகக் கைப்பற்றியது. எந்தத் தொகுதி? அதே அல்ஜுனிட். அதே 2011இல் தஞ்சோங் பகாரில் ஒரு சுயேச்சை அணி நண்பகல் 12 மணிக்குப் பிறகு 35 விநாடி தாமதமாக மனுவைக் கொடுத்ததால் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் 87 இடங்களில் 82க்குப் போட்டி நடந்தது. விடுபட்ட ஐந்தும் அந்த ஒரே குழுத்தொகுதியின் இடங்கள். நாட்டின் ஏனைய வாக்காளர்கள் எல்லாரும் வாக்களித்தார்கள். தஞ்சோங் பகார்க்காரர்களுக்கு மட்டும் 35 விநாடியில் அந்த வாய்ப்புப் போயிற்று.

போட்டியே இல்லாத தேர்தல் என்றால் 1968தான் உச்சம். 58 இடங்களில் 51 வேட்புமனு நாளிலேயே முடிந்துவிட்டன. மீதி ஏழுக்கு மட்டும் ஏப்ரல் 13 அன்று வாக்களிப்பு.

அதற்கு முந்திய 1962 பொதுவாக்கெடுப்பைப் பற்றிச் சற்று நீளமாகவே பேசலாம். மலாயாவோடு இணையலாமா என்பதற்கான வாக்கெடுப்பு அது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். வாக்குச்சீட்டில் 'வேண்டாம்' என்ற தெரிவே கிடையாது. ஏ, பி, சி என்ற மூன்றும் 'எந்த நிபந்தனையோடு இணைவது' என்பதைத்தான் கேட்டன. அரசாங்கம் ஆதரித்த ஏ தெரிவின் பக்கத்தில் சிங்கப்பூர்க் கொடி அச்சாகியிருந்தது. எதிர்த்தவர்களுக்கு ஒரே வழிதான்: எதிலும் குறியிடாமல் வெற்றுச்சீட்டைப் போடுவது. பாரிசான் அதைத்தான் செய்யச் சொன்னது. அரசாங்கம் அதற்கும் முன்கூட்டியே அணை போட்டிருந்தது: வெற்றுச்சீட்டைச் சட்டமன்றத்தின் முடிவை ஏற்றதாகக் கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் வைத்தது. செப்டம்பர் 1 அன்று விழுந்த 5,61,559 சீட்டுகளில் ஏ தெரிவுக்கு 3,97,626. பி தெரிவுக்கு 9,422. சி தெரிவுக்கு 7,911. வெற்றுச்சீட்டு 1,44,077, அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பி, சி இரண்டையும் சேர்த்தாலும் வெற்றுச்சீட்டின் எட்டில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கேள்வி: '1962 பொதுவாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தது எது?' பெரும்பாலோர் 'பி' என்பார்கள். சரியான விடை வெற்றுச்சீட்டு.

சிங்கப்பூரின் சுதந்திர நாள் எது என்று கேட்டால் சிறு பிள்ளையும் 1965 ஆகஸ்ட் 9 என்று சொல்லும். அதைச் சுற்றி இரண்டு வேடிக்கைகள் உண்டு. ஒன்று, மலேசியா உருவாக்கம் 1963 ஆகஸ்ட் 31இலிருந்து செப்டம்பர் 16க்குத் தள்ளிப்போனபோது, லீ குவான் இயூ காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 31 அன்றே, இடைப்பட்ட நாள்களுக்குக் கூட்டரசு அதிகாரங்கள் சிங்கப்பூரின் யாங் டி பெர்துவான் நெகாராவிடமே (அன்றைய நாட்டுத் தலைவர் பதவி) இருக்கும் என்று அறிவித்துவிட்டார். பிரிட்டனுக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. (செப்டம்பர் 16 லீயின் நாற்பதாவது பிறந்தநாள், துணைக்கேள்விக்கு உதவும்.) இரண்டு, 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் சுதந்திர நாடானது, ஆனால் 'குடியரசு', 'அதிபர்' என்ற சொற்களுக்கான சட்டம் டிசம்பர் 22 அன்றுதான் நிறைவேறியது. அதை ஆகஸ்ட் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாக முன்தேதியிட்டார்கள். எனவே யாங் டி பெர்துவான் நெகாராவாக இருந்த யூசோஃப் இஷாக் ஆகஸ்ட் 9 முதல் அதிபர் என்பது சட்டப்படி சரி. ஆனால் அந்த அக்டோபரில் அவரை யாரும் அதிபர் என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

தமிழ் அவை என்பதால் அடுத்த கேள்வி நமக்கே உரியது. தேசிய உறுதிமொழியை அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966 பிப்ரவரியில் எழுதினார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்றாலும் எழுதியது ஆங்கிலத்தில். அவருடைய முதல் வரைவில் இனம், மொழி, சமய வேறுபாடுகளை 'மறந்து' ஒன்றாவோம் என்ற பொருளில்தான் இருந்தது. லீ குவான் இயூ திருத்தியபின் ஆங்கில வடிவம் 'எந்த இனமாக, மொழியாக, சமயமாக இருந்தாலும்' என்ற பொருளுக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம். ஒன்று வேற்றுமையை மறக்கச் சொல்கிறது. மற்றது, இருக்கட்டும், அது தடையாக வேண்டாம் என்கிறது. இப்போது நம் தமிழ் உறுதிமொழியை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்: 'வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு'. பள்ளியில் ஆயிரம் முறை சொன்னவர்களும் இந்தச் சொல்லில் நின்று யோசித்திருக்க மாட்டார்கள். வரைவிலிருந்துதான் தமிழுக்கு வந்தது என்று மேடையில் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஒற்றுமையைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்துங்கள். எண் கேள்வி வேண்டுமென்றால்: 1966 ஆகஸ்ட் 24 அன்று 529 பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மாணவர்கள் முதன்முறையாக அதைச் சொன்னார்கள்.

இந்தியர் பற்றிய இன்னொன்று 1948 தேர்தல். சிங்கப்பூரின் முதல் தேர்தல், சட்டமன்றப் பேரவையில் ஆறே இடங்களுக்கு. பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம், அதுவும் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால். சுமார் 22,000 பேர்தான் பதிந்தார்கள். மக்கள்தொகையில் சிறு பங்காக இருந்த இந்தியர்கள் அந்தப் பட்டியலில் மட்டும் பெரும் பங்காக இருந்தார்கள். காரணம் எளிது: பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர் பிரிட்டிஷ் குடிமகன்; சீனாவில் பிறந்தவர் அப்படியில்லை. வாக்களிப்பு கட்டாயமானது 1959 பொதுத்தேர்தலில்தான்.

மார்ஷலின் மரத்தை விட்டுவிட்டால் குறையாகிவிடும். 1955 ஏப்ரலில் முதலமைச்சரானபோது ஆளுநர் ஜான் நிக்கல் அவருக்கு ஓர் அலுவலக அறைகூட ஒதுக்கவில்லை. முதலமைச்சர் என்றால் பெயருக்குத்தான் என்பது ஆளுநரின் எண்ணம். 'எம்ப்ரஸ் பிளேசில் இருக்கும் மரத்தடியில் மேசை போட்டு உட்காருவேன்' என்று மார்ஷல் மிரட்டினார். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கிடைத்தது. 'பழைய ஆப்பிள் மரம்' என்று பேர்பெற்ற அந்த மரத்தடியில்தான் அவருடைய அப்போதைய கட்சியான தொழிலாளர் முன்னணியின் மதிய உணவு வேளைக் கூட்டங்கள் நடந்துவந்தன. பேர்தான் ஆப்பிள், நம் வெயிலுக்கு ஆப்பிள் எங்கே காய்க்கும்?

இளையவர்களுக்கு 2011 அதிபர் தேர்தலை வையுங்கள். நான்கு வேட்பாளர், நால்வரின் குடும்பப் பெயரும் டான். 'நான் டானுக்குப் போட்டேன்' என்று சொன்னால் ரகசியம் காப்பாற்றப்பட்டது. அதனால் சின்னங்களே பேசின: மூக்குக்கண்ணாடி, பனைமரம், இதயம், கை. கண்ணாடிக்காரர் டோனி டான் 7,382 வாக்கில் வென்றார், அதுவும் மறு எண்ணிக்கைக்குப் பிறகு. நான்காம் இடத்தில் வந்தவர் 4.91 விழுக்காடு பெற்று 48,000 வெள்ளி வைப்புத்தொகையை இழந்தார். எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு, கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது. 2023இல் தர்மனின் அன்னாசிக்கும் காரணம் உண்டு: ஹாக்கியன் மொழியில் அன்னாசியைக் குறிக்கும் 'ஓங் லாய்' என்ற சொல் 'செழிப்பு வருகிறது' என்றும் ஒலிக்கும்.

வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதால் யார் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பேச்சு காப்பிக்கடையில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கள்ளச் சீட்டைத் தடுப்பதற்காக உள்ள எண் அது. எண்ணி முடித்த சீட்டுகளை முத்திரையிட்ட பெட்டிகளில் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் ஆறு மாதம் பூட்டி வைத்து, பிறகு எரித்துவிடுகிறார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நடுவில் யாரும் திறக்க முடியாது.

சரிபார்க்கும் முறை. அவையில் நடந்தது என்றால் நாடாளுமன்ற அறிக்கைத் தொகுப்பில் தேடுங்கள். 1955 முதல் இணையத்தில் இருக்கிறது. வாக்கு எண்ணிக்கைக்குத் தேர்தல் துறை. சம்பவத்துக்கு தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்க் களஞ்சியம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. பெயரைத் தட்டித் தேடுவதைவிட நாளைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒரே ஆளின் பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். நள்ளிரவு தாண்டிய சம்பவங்களுக்கு இரண்டு நாள் இதழையும் புரட்டுங்கள். 1961 வாக்கெடுப்பை ஜூலை 20 என்றும் 21 என்றும் எழுதுவது அதனால்தான். 'அவர் சொன்னார்' வகைக் கதைகளுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகள். ஒருவர் நினைவை மட்டும் நம்பிய எதையும் மதிப்பெண் கேள்வியாக்காதீர்கள்.

விடைத்தாளில் விடையோடு ஆண்டையும் அச்சிட்டு நடுவரிடம் கொடுத்துவிடுங்கள். சீனப் பெயர்களின் தமிழ் எழுத்துக்கூட்டலுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். காதில் சரியாக ஒலித்தால் போதும். இரு அணி சமமாக வந்தால் ஓர் எண் கேள்வி போட்டு, அருகில் வருபவருக்குக் கொடுங்கள். அதற்கு 1962 வெற்றுச்சீட்டு எண்ணிக்கையே பொருத்தம்: ஒன்றேகால் லட்சம் என்று ஓர் அணியும் பத்தாயிரம் என்று இன்னோர் அணியும் சொல்லும், முடிவில் குழப்பமே இருக்காது.